இரண்டு கையெழுத்து

சாக்பீஸ் கூடாது. தூசி.
பென்சிலை வெளியிலேயே சீவி
ஸ்பிரிட்டில் துடைத்து உறையில் போட்டு
முழங்கை வரை கை கழுவி
மூன்றாம் மாடி வார்டுக்குள் நுழைகிறேன்.
மண்ணின் வகைகள் பாடத்துக்கு
மண்ணைக் காட்ட முடியவில்லை.
படத்தைக் காட்டினேன்.
"இது பிஸ்கட் மாதிரி இருக்கிறது" என்றான் அன்செல்மோ.
மூன்று நாளாக அவன் எதுவும் தின்றிருக்கவில்லை.

மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் வருகிறார்கள்.
இங்கே வருகை என்னுடையது.
பதிவேடு மட்டும் பழைய பதிவேடுதான்.
பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும்.
வாயில் புண் இருக்கும் நாளில் அன்செல்மோ
போர்வைக்குக் கீழிருந்து
கால் பெருவிரலை நீட்டுவான்.
அதற்கும் ஒரு டிக்.

வால்டிவியாவில் மே பிறந்துவிட்டால்
மழைக்கு நிற்கத் தெரியாது.
திறக்கவே திறக்காத ஜன்னல்.
அதற்கு வெளியே தகரக் கூரைகள், விறகுப் புகை.
"ஒரு கடல்சிங்கம் நாளுக்குப் பதினைந்து கிலோ மீன் தின்றால்
எட்டுக் கடல்சிங்கங்கள்…"
முடிக்கவிடவில்லை எமெலினா.
அவள் அப்பாவுக்கு ஆற்றங்கரைச் சந்தையில் மீன்கடை.
"இருபது கிலோ, டீச்சர்.
அதில் அஞ்சு கிலோ திருடுவது.
அதை எந்தப் பக்கம் எழுதணும்?"

வலது கையில் ஊசி ஏறியிருந்தது.
மருந்து சொட்டும் ஐந்து மணி நேரமும்
அந்தக் கை அசையக்கூடாது.
சரி, வாய்க்கணக்கு போதும் என்றேன்.
அவள் பென்சிலை இடது கைக்கு மாற்றினாள்.
முதல் வாரம் சுத்தக் கோழிக் கிறுக்கல்,
மழையில் நனைந்த கோழி.
ஜூலையில் எழுத்துகள் கோட்டில் உட்காரத் தொடங்கின,
கொஞ்சம் இடப்புறம் சாய்ந்து,
யாரோ கூப்பிட்டதுபோல.

செப்டம்பரில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
பள்ளிக்குப் போக இன்னும் அனுமதி இல்லை.
செவ்வாயும் வெள்ளியும் நான் பஸ் பிடித்தேன்
நியேப்லா வரை, கடைசி நிறுத்தம்.
சமையலறை மேஜையில் பின்னங்கள்,
அவள் அம்மா மாவு பிசையும் ஓரத்தை விட்டு.
ஊசி எடுத்தாகிவிட்டது.
ஆனாலும் இடது கையாலேயே எழுதிக்கொண்டிருந்தாள்.
"வலது கை சும்மாதானே இருக்கிறது?"
"அது லீவில் இருக்கிறது, டீச்சர்."

நவம்பரில் அவள் பள்ளியிலிருந்து ஒரு கடிதம்.
முத்திரை, தேதி, கையொப்பம்.
மாணவி எமெலினா கத்ரிலெயோவின் நோட்டில்
இரு வேறு கையெழுத்துகள் காணப்படுகின்றன.
பக்கம் பதினேழிலிருந்து வேறொருவர்
எழுதித் தந்திருப்பதாகச் சந்தேகிக்கிறோம்.
விளக்கம் தேவை.

நான் கோபக்காரி.
நான்கு தாள்களைக் கிழித்தேன்.
மருந்தின் பெயர், நாட்களின் எண்ணிக்கை,
அவள் முடி உதிர்ந்த விதம்
என்று நிறைய எழுதி
எதையும் அவர்களிடம் சொல்ல விருப்பமில்லாமல்
ஐந்தாவது தாளில்,

ஐயா,
உங்கள் சந்தேகம் சரி.
எழுதியவர்கள் இரண்டு பேர்.
முதலாமவளுக்கு முடியாமல் போனபோது
இரண்டாமவள் வந்து மீதியை எழுதினாள்.
இருவர் பெயரும் எமெலினா கத்ரிலெயோ.
இருவரையும் தேர்ச்சி பெறச் செய்யவும்.
ஒரு சான்றிதழ் போதும்.

பதில் வரவில்லை. சான்றிதழ் வந்தது.

இப்போது டிசம்பர்.
ஆண்டு முடியும்வரை பதிவேட்டில்
எந்தப் பெயரையும் அடிக்கக் கூடாதென்று விதி.
விதிகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.
நான்காம் படுக்கையில் இப்போது ஒரு புதுப் பையன்,
பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழோடு நிற்பவன்.
காலையில் வரிசையாகப் பெயர் கூப்பிடுகிறேன்.
அன்செல்மோ என்ற இடம் வரும்போது
போர்வையின் நுனியைப் பார்க்காமல்
அடுத்த பெயருக்குப் போகப் பழகவில்லை இன்னும்.

புதுப் பையன் கேட்கிறான்,
"என் காலில் என்ன டீச்சர்?"