ஐந்தாம் வருசத்து ஸ்கான்

சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டேக்க
இடப்பக்க வயித்தில் ஏதோ தட்டுப்பட்டது.
மாங்குளத்து மண்ணில்
கம்பி நுனி இடறினால் என்ன செய்வமோ
அதைத்தான் செய்தன்.
கையை எடுக்காமல், மூச்சும் விடாமல் நிண்டன்.
மூண்டு வயது. குளிருது எண்டாள்.

பிறகு மகரகம. இரவு பஸ், சத்தி வாளி.
மதுசிகா எண்ட பேரை
வாட்டில் மூண்டு விதமாய்க் கூப்பிட்டினம்.
ஒரு சிறுநீரகத்தை எடுத்தினம்.
பத்துப் பிள்ளையளில் எட்டுத் தப்பும் எண்டார் டொக்டர்.
நல்ல கணக்குத்தான்.
பக்கத்துக் கட்டில் தினுக்க
தன்ர பலூனை இவளுக்குத் தந்தவன்.
வெள்ளிக்கிழமை அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு.
அவனும் அந்தப் பத்துக்குள்ளதான்.

நேற்று, படத்தை வெளிச்சத்தில் பிடிச்சு
“கிளியர்” எண்டார்.

நான் அந்தச் சொல்லில சம்பளம் வாங்கிறவள்.
கிளியர் எண்டு பலகை நட்ட காணியில்
சனம் வீடு கட்டும், கச்சான் போடும்.
கையெழுத்து வைச்சதில் நானும் ஒருத்தி.
எண்டாலும் பெருமழை பெய்து மண் கரைஞ்சால்
ஒருக்கால் போய்ப் பார்ப்பன்.

வீடு வந்து சேர விடிஞ்சிட்டுது.
“நானே குளிப்பன்” எண்டு
தகரக் கதவைச் சாத்துறாள்.

வெளியில நிண்டு
வாளிச் சத்தத்தை எண்ணுறன்.