மொழிமுதல் ஆகா எழுத்து

படிவம் மூன்றாம் முறையும் திரும்பி வந்தது.
"இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு படகு இருக்கிறது,"
கிளாக்ஸ்விக் துறைமுக அலுவலகத்துத் தோர்கேர்
சிரிக்காமலே சொன்னாள்.
பதினெட்டுத் தீவுகள், வீட்டுக்கொரு படகு.
பறவை, காற்று, மகள், அலை
எல்லாம் தீர்ந்துவிட்டன.

முகப்பில் நான்கு எழுத்துக்குத்தான் இடம் என்றான்
தம்பி ஹெர்காயர்.
நான் சால்மன் மீனுக்குத் தீனி போடும் இயந்திரங்களுக்கு
சி மொழியில் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்.
"நான்கு வரைதானே,
இருக்கிற எல்லாவற்றையும் அச்சிட்டுவிடலாம்."

இருபத்தொன்பது எழுத்து.
கடைசி இடம் ஓடி முடிந்தால்
பக்கத்து இடம் ஒரு படி நகரும்,
கடைசி மறுபடி முதலிலிருந்து.
மின்சார மீட்டர் செய்கிற வேலைதான்.

முதல் ஓட்டத்தில் எங்கள் எழுத்துகள் பிளந்தன.
எழுத்துக்கு ஒரு பைட் என்று நம்பிய பெட்டியில்
இரண்டு பைட்காரர்கள் குடியேற,
திரை முழுக்கக் கேள்விக்குறி.
அகலமான பெட்டி கொடுத்தேன்.

இரண்டாவது ஓட்டம் நான்கிலிருந்து கீழே இறங்கியது.
மூன்றெழுத்துச் சொல் ஒவ்வொன்றும்
செத்துப்போன நான்காவதின் வாலோடு வந்தது:
வட்டத்தைக் கோடு கிழித்த அந்த எழுத்து.
டேனிஷில் அது தனியே நின்றால் தீவு.
ஒரு தீவை, இரண்டு தீவை, கடைசியில்
மூன்று தீவைக் கட்டி இழுக்கும் சொற்கள்.
சொல் இங்கே முடிந்தது என்று
நான் கணினிக்குச் சொல்லவே இல்லை.
ஈற்றில் ஒரு சுழியம் வைத்தேன்.
யாரும் உச்சரிக்காத ஒற்று.
அது இல்லாமல் எந்தப் பெயரும் நிற்காது.

மூன்றாவது ஓட்டம், காபி ஆறும் முன்னே:
ஏழு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து
ஐந்நூற்று நாற்பது.
ஹெர்காயர் உலர்ந்த ஆட்டிறைச்சியைச் சீவிக்கொண்டே படித்தான்.
வசவு வந்தது. நோயின் பெயர் வந்தது.
அவனை விட்டுப் போனவள் வந்தாள், நான்கே எழுத்தில்;
கத்தி கொஞ்சம் நின்று, பிறகு சீவியது.

"இதென்ன, பக்கம் பக்கமாக எத்?"

எத் எங்கள் மொழியில் சொல்லுக்கு முதலில் வராது.
நடுவில் வந்தாலும் பெரும்பாலும் ஊமை.
இருபத்தையாயிரத்து இருநூற்று அறுபது வீண் வரிகள்.
ஒரே ஒரு நிபந்தனை போட்டால் போதும்,
விரல் விசைமேல் இருந்தது.

"வெட்டாதே," என்றான்.
"இதை ஒருத்தனும் வைத்திருக்க மாட்டான்."

தோர்கேர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ஊமை ஒன்று, அதன் பின்னால்
ஆறு என்று பொருள் தரும் ஓரெழுத்து ஒருமொழி.
பட்டியலில் தேடினாள். இல்லை.
அவள் பெயரின் ஈற்றிலும் இதே ஊமைதான்,
கவனித்தாளா தெரியாது.
"இதை எப்படிச் சொல்வது?"
அவன் வாயைத் திறந்து
ஒரு நொடி ஒன்றும் சொல்லாமல் நின்று
"ஓஆ" என்றான்.
முத்திரை விழுந்தது.

இப்போது வானொலியில் அவனைக் கூப்பிடுகிறவர்கள்
அந்த நொடியை விட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.
நோர்வே கப்பல்காரன் மட்டும்
கருவியில் கோளாறென்று
தட்டித் தட்டிப் பார்க்கிறான்.