வலது கண்ணில் ஓர் இழை

அப்புத்தளையில்தான் முதலில் வந்தது.
மூடுபனி என்று நினைத்து
ரெயில் யன்னலைத் துடைத்தேன்,
பிறகு மூக்குக்கண்ணாடியை,
பிறகு கண்ணை.
கறுப்பு நூல் ஒன்று
நான் திரும்பும் பக்கமெல்லாம்
அரைக்கணம் பிந்தி நீந்தி வந்தது.

இரவு விளக்கை அணைத்த பின்
கடைக்கண்ணில் மின்னல்.
"மழை வரப்போகுது" என்றேன்.
பிறேமிளா எழும்பிப்போய் வெளியே பார்த்தாள்.
வானம் முழுக்க வெள்ளி.
முந்தி தாதியாக இருந்தவள்,
ஒன்றும் சொல்லாமல் என் பையை அடுக்கத் தொடங்கினாள்.
அவளுடையதை நான் அடுக்கினேன், மற்றத் திசைக்கு.
சண்டை பிடித்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

*

போன செவ்வாய்தான் கொழும்புக்குக் கைகாட்டினேன்,
இனி உன் புழுக்கமும் நீயும் என்று.
இப்போது பஸ் இறங்க இறங்க
பலாங்கொடையில் சால்வை,
இரத்தினபுரியில் கம்பளிச் சட்டை, காலுறை.
அவிசாவளைக்குப் பிறகு கழற்ற ஒன்றுமில்லை,
தோலோடு வந்து சேர்ந்தேன்.

வெள்ளவத்தை லொட்ஜில் அதே அறை.
நான் விட்டுப்போன சவர்க்காரம்
அதே வெடிப்போடு.
"வருவீங்கள் எண்டு தெரியும்" என்றார் முகாமையாளர் இராசநாயகம்.
எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வாராக இருக்கும்.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டுமே சுற்றும்,
அதையும் திரும்பச் சொன்னார்.

*

ஆஸ்பத்திரியில் இலக்கம் நாற்பத்தேழு.
படிவம் நிரந்தர முகவரி கேட்டது.
பேர்கன் என்று எழுதி, வெட்டி,
லொட்ஜின் பெயரைப் போட்டேன்.
சொட்டு மருந்து விட்ட பிள்ளை சொன்னாள்,
"மூடுங்கோ. அழக்கூடாது."
நான் அழவில்லை, மருந்து எரிந்தது.
அவள் சொன்ன பிறகு கொஞ்சம் அழுதேன்,
வசதியாக இருந்தது.

கண் மூடியவர்களின் நீள வாங்கு.
பக்கத்தில் யாரோ தோடம்பழம் உரித்தார்கள்.
ஒரு சுளை என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.
யாரென்று எனக்கு இன்னும் தெரியாது.

டொக்டர் மிகவும் இளையவர்.
விழித்திரையில் ஒரு கிழிசல், சின்னது என்றார்,
சேலைக் கரையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.
பச்சை வெளிச்சத்தால் தைத்தார்.
இருநூற்றுப் பதினொன்று வரை எண்ணினேன்,
பிறகு விட்டுவிட்டேன்.

"பத்து நாள் குலுங்கக் கூடாது."
"பஸ்?"
"பஸ்ஸைத்தான் சொல்லுறன்."
"இந்த நூல்?"
"அது போகாது. பழகிவிடும்."

*

வெளியே வெயில்.
கண்மணி இரண்டும் பூட்டில்லாத கேற் மாதிரித் திறந்து கிடக்க
கொழும்பு முழுவதும் கேட்காமலே உள்ளே வந்தது.
தகரம், கண்ணாடி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்,
ஓட்டோவின் முன்கம்பியில் ஒரு சூரியன், அடுத்ததில் இன்னொன்று.
பஸ் பலகையில் மூன்று மொழியும் ஒன்றாக உருகி
எதுவும் வாசிக்க முடியாத சமத்துவம்.
"நூறா, நூற்றொன்றா?" என்று காற்றைக் கேட்டேன்.
ஒரு கை என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டது.
"பரிஸ்ஸமின், நங்கி."
ஏறிய பிறகுதான் டொக்டரின் நினைவு வந்தது.
தலையை, நிரம்பிய கிண்ணத்தைப் போலப்
பிடித்துக்கொண்டு நின்றேன்.
நடத்துனர் மிச்சக் காசைத் தந்தார்.
சரியா என்று பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது.

பின்னேரம் அறுகம்பையிலிருந்து படங்கள் வந்தன.
இராசநாயகம் என் கைபேசியை எட்டப் பிடித்து விபரித்தார்:
"இது கடல். இதுவும் கடல்.
இதில உங்கட சிநேகிதி, சிரிக்கிறா.
இதுவும் கடல்."

*

ஆறு மணிக்குப் பிறகு
தண்டவாளத்தைக் கடந்து கல்லில் போய் இருந்தேன்.
காற்று இல்லை. முதுகில் சட்டை ஒட்டிக் கிடந்தது.
சிவந்த வானத்தில் சின்னதாக ஒரு கறுப்பு
தெற்கே போய், நின்று, திரும்பியது.
காகமா, இழையா?
வலது கண்ணைப் பொத்தினால் தெரிந்துவிடும்.
பொத்தவில்லை.
இன்னும் ஒன்பது நாள் கிடக்கிறது.