ஏழு எலுமிச்சை

ஏரிப் பக்கத்துச் சன்னலை முதலில் துடைத்தேன்,
வினிகர் தொட்ட பழைய செய்தித்தாளால்.
துடைக்கத் துடைக்கத் தெரிந்தது
தண்ணீருக்கு அப்பால் மல்லாந்து கிடக்கும் கல் அரக்கன்.
தண்டர் பே நகரில் அவன் முழுதாகத் தெரிந்தால் எட்டாயிரம் டாலர்,
கால் மட்டும் என்றால் மூவாயிரம்.
முகவர் டெல்பேர் அப்படித்தான் கணக்குப் போடுவார்.

என் வேலை
வாழ்ந்த வீட்டை யாரும் வாழாத வீடாக்குவது.
மணிக்கு நாற்பத்தைந்து, சாமான் வாடகை தனி.
என்னிடம் ஒரு சாம்பல் சோபா இருக்கிறது.
முப்பத்தொரு வீடுகளில் குடியிருந்திருக்கிறது,
ஒருவரும் அதில் தூங்கியதில்லை.

மறுநாள் நான் அகற்றப்போகிற சமையலறை மேசையில்
விலை பேசினார்கள்.
முந்நூற்றைம்பதுக்குக் குறைந்தால் அடிமாட்டு விலை
என்றார் ரெய்யோ.
கீழ்த்தளத்து சானாவை அவரே கட்டினார்,
சரக்கு ரயில் ஓட்டாத நாட்களில்,
இரண்டு குளிர்காலம், பலகை பலகையாக.

டெல்பேர் சொன்னார்:
முதல் வாரம் வீட்டைப் பார்க்க வருவார்கள்.
மூன்றாம் வாரம்
இதில் என்ன கோளாறு என்று பார்க்க வருவார்கள்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.

அந்த நூறு டாலர் யாருக்கு, கேட்டார் ரெய்யோ.
யாரும் சிரிக்கவில்லை.
ஒன்றாம் தேதி கொலீனுக்கு வின்னிபெக்கில் வேலை.
போடுங்க, என்றார்.
அவ்வளவுதான் அன்று அவர் பேசியது.

படங்களைக் கழற்றினேன். முப்பத்துநாலு ஆணித் துளை.
பட்டி வைத்து, தேய்த்து, இரண்டு பூச்சு,
நிறத்தின் பெயர் ஓட்ஸ் பால்.
படுக்கையறைச் சுவரில் ஒன்று மட்டும் ஆணித் துளை அல்ல.
கதவுப் பிடியின் அளவு,
கதவுப் பிடியின் உயரம்.
நான் கேட்கவில்லை.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற தொழில்,
சோற்றையும் நானே வடிக்க வேண்டியிருக்கிறது.

பாதி காலியான அலமாரி அறையைப் பெரிதாகக் காட்டும்.
கொலீன் தன் பாதியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்,
எனக்கு வேலை மிச்சம்.
ரெய்யோ தூங்கிய கீழ்த்தளக் கட்டிலை மடித்து
வண்டியில் ஏற்றினேன்.
மேலே இரட்டைக் கட்டில், ஆறு தலையணை.
சானா பெஞ்சில் இரண்டு வெள்ளைத் துண்டு,
மடிப்பு கலையாமல்.

கடைசியாக எலுமிச்சை. வெள்ளைக் கிண்ணத்தில் ஏழு.
ஒற்றைப்படையில் வைத்தால்தான்
எண்ணி வைத்தது போல் இருக்காது.

வேலை முடிந்து வந்து இருவரும் வாசலில் நின்றார்கள்,
ஷூவைக் கழற்றலாமா என்று யோசிப்பவர்கள் போல.
இப்படியே வச்சிருந்திருக்கலாம், என்றார் கொலீன்.
இப்படி யார் இருப்பாங்க, என்றார் அவர்.

சனிக்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள்.
ஒரு சிறுவன் சோபாவில் குதித்தான்.
ஒருவர் எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார்,
குழாய்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை.
ஞாயிறு இரவுக்குள் நான்கு கடிதம்,
மேலானது முந்நூற்றுப் பதினேழு.

அதில் சானாவுக்கு எவ்வளவு, கேட்டாராம் ரெய்யோ.
எல்லாம் சேர்த்துத்தான், என்றாராம் டெல்பேர்.
பேனா கொலீனுடையது.
கையெழுத்திட்டு, மூடியை மாட்டி
திருப்பிக் கொடுத்தாராம்.

செவ்வாய்க்கிழமை சாமான் எடுக்கப் போனேன்.
சோபா அழுந்தியிருந்தது.
கீழே, வெந்த பலகை வாசனை.
துண்டுகள் இரண்டும் ஈரமாக, ஒரே கொக்கியில்.
கிண்ணத்தில் ஆறு எலுமிச்சை.
ஏழாவதின் பாதி குளிர்பெட்டியில்,
சாசரில் கவிழ்ந்து, வெட்டு முகம் தெரியாமல்.
மற்ற பாதியைக் காணோம்.

ரசீதில் எலுமிச்சை ஒன்று என்று எழுதி
அடித்தேன்.
துண்டு வெளுக்கிற கட்டணம் மட்டும் போட்டேன்.
அது வழக்கம்.

வியாழக்கிழமை அடுத்த வீடு.
போகிற வழியில் ஒன்று வாங்கவேண்டும்.
ஆறு என்றால் எண்ணி வைத்தது போல் இருக்கும்.