நாளைத் தேதி

விமானம் விடியற்காலை நாலு அஞ்சுக்கு.
மூன்று மணி நேரம் முன்னதாக வந்தால் போதும்
என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது.
அச்சடித்தவன் ஒருநாளும்
சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பியவனில்லை.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போட்டோம்.
ஒன்று அஞ்சுக்கு வாசல்.
ரோடு மூன்று மணி நேரம். ஆக, பத்து அஞ்சு.
"காவேரிப்பாக்கத்தாண்ட பாலம் கட்டிக்கினு கீறாங்க,
ஒரு மணி சேத்துக்க" என்றான் டிரைவர் தேசிங்கு.
வாலாஜா டோல்கேட்டுக்கு அரை மணி.
ஸ்ரீபெரும்புதூர் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒன்று.
பஞ்சர் ஆனால்? அதற்கும் ஒன்று வைத்தான் மச்சான் லாசர்,
காட்பாடியில் பிருந்தாவனைத் தவறவிட்டு
பன்னிரண்டு வருஷமாக
அந்த ரயிலையே துரத்திக்கொண்டிருப்பவன்.
மழை வந்தால் என்று
எதிர்வீட்டிலிருந்தும் ஒரு மணி வந்தது.
ஐந்தரை என்று முடிவான பிறகு
ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம்
என்றார் வீட்டுக்காரர்.
நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை.
நாலேகாலுக்கு வண்டியை எடுத்தோம்.

பாலத்தில் ஒரு ஆளில்லை. மழையில்லை.
லாரிகளெல்லாம் எங்கே போயினவோ.
மீனம்பாக்கத்தில் மணி ஆறு நாற்பது.
துப்பாக்கியோடு நின்றவர் டிக்கெட்டைப் பார்த்தார்,
எப்சிபாவைப் பார்த்தார்,
"இது நாளைத் தேதி" என்றார் இந்தியில்.
பதினொன்றரைக்கு மேல் வரச் சொன்னார்.

உள்ளே நிறுத்தினால் மீட்டர் ஓடும் என்று
தேசிங்கு வண்டியோடு வெளியே போய்விட்டான்.
பதினாலாம் நம்பர் தூணடியில்
ஒரு டிராலி, ஒரு பெட்டி, நாங்கள் இரண்டு பேர்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி.
எனக்கு ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பகல் ஷிப்ட்.
ஒன்பது வருஷமாக
காலை ஏழேகாலுக்கு மாடிப்படியில்
சாவியைக் கைமாற்றிக்கொள்கிறவர்கள்.

முதல் ஒரு மணி நேரம்
கேஸ் புக்கிங், சீட்டுப் பணம்,
ரூபியின் ஸ்கூல் டைரியில் இனி எந்தக் கையெழுத்து.
அப்புறம் பேச ஒன்றும் மிச்சமில்லை.
பக்கத்துத் தூணில் ஒரு குடும்பம்
அலுமினியத் தூக்கிலிருந்து புளிசாதம் சாப்பிட்டது.
எங்களைப்போலவே அவர்களுக்கும்
யாரோ நிறைய மணி கொடுத்திருக்க வேண்டும்.

எட்டரைக்கு என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.
"இந்த வெட்டு எப்ப?"
போன ஆடி மாசம், தோல் சீவுகிற பிளேடு.
"தையல் போட்டிருக்கணும்" என்றாள்,
ஊரில் பாதிப் பேர் காயத்தைக் கட்டியவள்.
அதற்குப்பின் தூங்கினாள், என் தோளில்.
நாற்பது நிமிஷம். நான்
மூச்சைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

பதினொன்று இருபதுக்கு பயம் பிடித்துக்கொண்டது.
பழைய இரும்புக்கடைத் தராசில்
பெட்டி முப்பது கிலோ நானூறு.
நடைபாதையிலேயே அதைத் திறந்து
இலவம்பாடிக் கத்திரிக்காய் வத்தலை
நைட்டிகளுக்கு அடியிலிருந்து உருவி
என் கையில் கொடுத்தாள்.
பொட்டலம் இருந்ததால்
கையாட்ட ஒரு கைதான் கிடைத்தது.
கண்ணாடிக் கதவு
தானாகவே திறந்தது, தானாகவே மூடியது.

காவேரிப்பாக்கம் தாண்டும்போது போன் வந்தது.
"எல்லாம் முடிஞ்சிது. சும்மாதான் உக்காந்துனு கீறேன்.
இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்குது."
பின்னால் யாரோ யாரையோ
மஸ்கட்டுக்குக் கூப்பிட்டார்கள்.
"பெட்டி இருபத்தொம்பது முந்நூறுதானாம்.
வத்தலை எடுத்துனு வந்திருக்கலாம்."

அந்த இரண்டரை மணி நேரம்
அவளிடம் தனியாக இருந்தது.

பொட்டலம் டாஷ்போர்டின்மேல் குலுங்கியது.
"இன்னா சார் வாசன?" என்றான் தேசிங்கு.
வாலாஜா டோல்கேட்டில் ஒரு வண்டிகூட இல்லை.
கட்டை, நாங்கள் போய்ச் சேருமுன்பே
மேலே தூக்கியிருந்தது.