அட்டை ஏறாத கால்

தடைக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள்
சின்னப்பாலத்திலிருந்து வேன் பிடித்து
மலைக்குப் போனோம், பாசி எடுக்கும் பதினோரு பேர்.
சேசம்மாளுக்கு நாற்பது வளைவிலும் வாந்தி.
கொந்தளிக்கிற கடலில் அணியத்தில் குந்தி
வெற்றிலை மடிப்பவள் அவள்.

தேசியப் பூங்கா என்றது பலகை.
அந்த இரண்டு சொல்லும் எங்களுக்குத் தெரியும்.
தீவுக்கரையில் நட்டிருக்கிறார்கள்,
தாண்டினால் பாசிமூட்டைக்கு அபராதம்.
இங்கே ரூபாய் கொடுத்தால்
உள்ளே விடுகிறார்கள்.

முந்தின நாள் கோடைமழை.
வழிகாட்டிப் பையன் உப்பும் புகையிலைத்தூளும்
துணியில் முடிந்து வைத்திருந்தான்,
அட்டைக்கு.
வேன்காரர் காலில் மூன்று, அவர் மகனுக்கு ஐந்து.
எனக்கு ஒன்றுமில்லை.
"நிறைய உப்பு தேய்ச்சீங்களாக்கா?"
"முப்பது வருசமா," என்றேன்.

சத்தம் வேண்டாம் என்று கை காட்டியதும்
பழக்கத்தில் மூச்சைப் பிடித்துவிட்டேன்.
நிமிர்ந்தால்
இரண்டு பாகத்தில் முங்கி அண்ணாந்ததுபோலவே:
மேலே வெளிச்சம் ஆடுகிறது,
நிற்கிற இடம் பச்சை இருட்டு.
மரத்தில் படர்ந்ததை
கை தானாகப் பறிக்கப் போனது.
அங்கேயும் அதைப் பாசி என்றுதான் சொல்கிறார்கள்.

சிங்கவால் குரங்கு பலாச்சுளையைப் பிதுக்கியபடி
எங்களை எண்ணியது.
இருவாச்சி பறந்தபோது
ஈரப் பாயை உதறும் சத்தம்.
பாய்க்கழி திரும்புகிறதென்று
சேசம்மாள் சட்டென்று குனிந்துகொண்டாள்.
சிரிப்பை அடக்க முடியவில்லை.
பையன் முறைத்தான்.

ஓடைப்பக்கம் ஒருத்தி,
எங்களோடு வந்த காக்கிச்சட்டையைக் கண்டதும்
கூடையை வேருக்குப் பின்னால் தள்ளினாள்.
கிழங்கோ தேனோ தெரியவில்லை.
அந்தத் தள்ளல் தெரியும்.
வள்ளத்துப் பலகைக்கடியில் மூட்டையை
நானும் அப்படித்தான் காலால் நகர்த்துவேன்.
அவள் என் விரல்களைப் பார்த்தாள்,
துணி சுற்றிச் சுற்றி வெளுத்த பத்தையும்.
நான் அவள் பாதத்தைப் பார்த்தேன்.
உனக்கும் டிக்கெட்டா என்று கேட்பதற்குள்
வரிசை நகர்ந்துவிட்டது.

இன்றைக்குக் கச்சான் தணிந்திருக்கிறது.
குருசடைக்கு இந்தப் பக்கம் முங்குகிறேன்.
ஆமை ஒன்று என் தோளைக் கடந்து
பலகை நட்ட திசையில் போகிறது,
அவசரமே இல்லாமல்.
பத்தடி அந்தப்புறம் மரிக்கொழுந்துப்பாசி,
இந்தப் பக்கத்தில் இல்லாத அடர்த்தியில்.

மேலிருந்து சேசம்மாள்
வள்ளத்தை இரண்டு முறை தட்டுகிறாள்.
ஆள் வருகிறதா, ஆள் இல்லையா,
இரண்டு தட்டுக்கு என்ன பொருளென்று
நாங்கள் பேசிவைக்கவே இல்லை.