நாலு கோழிக்கு ஒரு பெட்டி

பதினொரு பெட்டை, ஒரு சேவல்.
"நாலு கோழிக்கு ஒரு பெட்டி போடுங்கோ அக்கா"
என்றுவிட்டு, ஹெல்மெற்றைக் கழற்றாமலே போனாள்
கால்நடைக் கந்தோர்ப் பிள்ளை.
நாலும் நாலும் எட்டு. மிச்சம் மூன்று.
அதுகளுக்கும் ஒன்று.
ஆக மூன்று பெட்டி.

முதலாவது, மீன்காரன் எறிந்த றெஜிபோம் பெட்டி,
மல்லாவிச் சந்தையில் கேட்டு வாங்கினது.
மூன்று தரம் கழுவி வெய்யிலில் வைத்தும்
சூடை மணம் போகவில்லை.
இரண்டாவது, பழைய டீவியின் கோது.
மூன்றாவது, ஞானசீலன் அடித்துத் தந்தது.
வீட்டுத்திட்டத்தில் மிஞ்சின பலகை,
அடி நீளம், அடி அகலம்,
முட்டை உருளாமல் முன்னுக்கு நாலு விரல் தடுப்பு.
"காசு வேண்டாம், முட்டையாய்த் தாங்கோ" என்றான்.

வைக்கல் பரப்பினேன்.
செள் பிடியாமல் வேப்பிலை தூவினேன்.
விடிய வந்து பார்க்கிறேன்,
பதினொன்றுக்கும் டீவிதான் வேணும்.

உள்ளே பொட்டுக்காரி.
அவள் முதுகில் ஒரு காலை வைத்தபடி மொட்டைக்கழுத்தி.
வாசலில் சிவப்பி, கொக்கரித்து ஊரைக் கூட்டுகிறாள்.
பின்னால் ஐந்தாறு.
எல்லாருக்கும் பின்னால் நொண்டி.
புதுப் பெட்டி பலகை மணக்க வெறுமையாய் இருக்கிறது.
பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நொண்டி
விறாந்தையில் கவிழ்ந்து கிடந்த
நிதுர்சனின் ஹெல்மெற்றை உருட்டி நிமிர்த்தி
அதற்குள் இட்டாள்.

வரிசை எனக்குத் தெரியும்.
செட்டிகுளம் முகாமில்
இத்தனை பேருக்கு ஒரு கக்கூசு என்று
ஏதோ கடதாசியில் எழுதியிருந்ததாம்.
கடதாசி சரியாகத்தான் இருந்திருக்கும்.
விடிய நாலு மணிக்கு வாளியோடு நின்ற நான்
அதில் எத்தனையாம் ஆள்?

சரி, அது கிடக்கட்டும்.

ஒருநாள் மத்தியானம்
ஆளில்லாத நேரம் பார்த்து
டீவிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன்.
இருட்டு. காற்றில்லை.
றோட்டில் போன லான்ட்மாஸ்ரர்
எங்கேயோ வேறு ஊரில் போனது போல.
பிறகு ஞானசீலனின் பெட்டிக்குள்.
மேற்கு வெய்யில் நேரே கண்ணில் குத்தியது.
இதற்குள் இருந்து யார்தான் முட்டையிடுவது?

பெட்டியைத் திருப்பி வைத்தேன்.
உரப்பையைக் கிழித்து வாசலில் தொங்கவிட்டேன்.
வவுனிக்குளக் கட்டில் பொறுக்கிய
வெள்ளைக் கல்லொன்றை உள்ளே வைத்தேன்,
ஏற்கெனவே ஒருத்தி இட்டுவிட்டுப் போனது போல.
மூன்றாம் நாள் மொட்டைக்கழுத்தி
உரப்பையைத் தலையால் தள்ளிக்கொண்டு போனாள்.
பின்னேரம் கை விட்டால் நாலு முட்டை.
கல்லும் சுட்டது.

எல்லாம் சரி என்று இருந்த கிழமை
பொட்டுக்காரி அடைக்குப் படுத்தாள்.
டீவிக்குள் இறகை உப்பிக்கொண்டு
கை நீட்டினால் கொத்து.
இருபத்தொரு நாளைக்கு அந்த வீடு அவளுக்கு.
மீன்பெட்டியை இன்னும் ஒருத்தியும் மதிக்கவில்லை.
பத்துப் பேருக்கு இப்ப ஒரு பெட்டி.
வியாழன் விடிய லோன் காசுக்காரன் வந்து
கேற்றில் நிற்பான்.
சண்டையில் உடைந்த முட்டையை
அவன் கொப்பியில் பதியமாட்டான்.

"இன்னொன்று அடித்துத் தாவன்" என்றேன்.
"மூன்று காணுமெண்டுதானே கணக்கு?"
ஞானசீலன் பென்சிலைக் காதில் செருகினான்.
"படுக்கிறவளை அந்தக் கணக்கில் சேர்க்கேல்லையடா."
அவன் யோசித்துவிட்டு
இரண்டாய் அடித்துத் தந்தான்.

இப்போது ஐந்து பெட்டி.
சேவல் ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று கூவுகிறது,
தான் கட்டினது போல.

நொண்டி மட்டும் இன்னும் ஹெல்மெற்றில்தான்.
வரிசை முடிந்துவிட்டதென்று
அவளுக்கு யார் சொல்வது?
நேற்று அவளை எழுப்ப மனமில்லாமல்
வெறுந்தலையோடு வேலைக்குப் போனவனை
மாங்குளத்தில் பொலிஸ் மறித்து
தண்டம் எழுதியிருக்கிறது.
துண்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்கிறான்,
"அம்மா, இதை முட்டைச் செலவில போடுறதோ,
வீட்டுச் செலவில போடுறதோ?"